வலது பக்கம் ஆள் இருக்கு

மாட்டுங்காவில் அந்தத் தோட்டத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்கள் எல்லோரும், தோட்டம் தங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடப்பார்கள். அப்படித்தான் நடக்க வேண்டும் என்று எங்கும் எழுதிப் போடவில்லை. என்றோ யாரோ அப்படி ஆரம்பித்திருக்கிறார்கள், பின்னால் வந்தவர்கள் தொடர்ந்துவிட்டார்கள். மாமி மட்டும் எதிர்த்திசையில் நடப்பார்.

கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிய காட்டன் புடவை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, தோளில் ஒரு மஞ்சள் துணிப்பை, அதற்குள் ஃபிளாஸ்க். அறுபதை நெருங்கும் வயதுக்கு வேகமான நடை. எதிரே வருகிறவர்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒரு குஜராத்திப் பெரியவர் தினமும், "உல்டா ஜா ரஹீ ஹோ, பெஹன்ஜி" என்பார், தலைகீழாகப் போகிறீர்களே என்று. நேராகப் போய் நீங்கள் எங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்று மாமியும் தினமும் இந்தியிலேயே திருப்பிக் கேட்பார். இருவரும் சிரித்துக்கொண்டே கடந்து போவார்கள்.

ஏன் இப்படி என்று நான் கேட்டபோது, "எல்லாரும் முன்னாடி போறவா முதுகைப் பாத்துண்டே நடக்கறா. எனக்கு மூஞ்சியைப் பாக்கணும்" என்றார். யாருடைய முகத்தை என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் அந்தத் தோட்டத்துக்கு நடக்கப் போனவள் அல்ல, படிக்கப் போனவள். தாராவியில் எங்கள் வீடு ஒரே அறை. அதற்கு மேலே பலகை அடித்த மாடத்தில் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் தோல் பை தைப்பார்கள். ஆறு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தால் தட்டில் இருக்கும் தோசைகூட அதிரும். கல்லூரி நூலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும். அதனால் லேபர் கேம்ப் குடியிருப்பு வழியாக நடந்து, ரயில்வே பாலம் ஏறி இறங்கி, ஏழு மணிக்கு முன்னால் தோட்டத்துப் பெஞ்சில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவேன். பி.காம். கடைசி வருஷம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

மெஷின் சத்தம் பாதிக் காரணம். மீதிப் பாதி பர்வீன். எங்கள் சந்திலேயே நாலு வீடு தள்ளி இருந்தவள். அதுவரைக்கும் அவள் வீட்டு மேல்தளத்தில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் பாய் விரித்து இரண்டு பேரும் சேர்ந்துதான் படித்தோம். கணக்குப் பதிவியல் அவளுக்கு வராது, வணிகச் சட்டம் எனக்கு வராது. அந்த வருஷம் அவளுக்குக் கல்யாணமாகி மேலப்பாளையம் போய்விட்டாள். பாய் இன்னும் அங்கேயேதான் இருந்தது. எனக்குத்தான் அதில் தனியாக உட்காரப் பிடிக்கவில்லை.

மாமி ஒருநாள் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார். என் ஃபைலின் மேல் தமிழில் எழுதியிருந்த பெயரைப் படித்தார்.

"தமிழா? எங்கேர்ந்து வரே?"

"தாராவி."

மாட்டுங்காவில் அந்தச் சொல்லைச் சொன்னால் எதிரில் இருப்பவரின் புருவம் கொஞ்சம் அசையும். அசையட்டும் என்றே நான் எப்போதும் அதை ஒரு படி சத்தமாகச் சொல்வேன். மாமியின் புருவம் அசையவில்லை.

"ஒரு மணி நேரமா உக்காந்துண்டே இருக்கே. கால் மரத்துப் போயிடும். எழுந்திரு, ரெண்டு ரவுண்டு வா."

"எனக்குப் பரிட்சை இருக்கு ஆன்ட்டி."

"நான் முப்பது வருஷம் பேங்க்ல இருந்தவ. பரிட்சை எழுதாத நாளே கிடையாது. வா. ஆன்ட்டி எல்லாம் வேண்டாம், மாமின்னு கூப்பிடு."

எழுந்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்து, மேஜையை நகர்த்துவது போல என்னைத் தன் இடப்பக்கம் நகர்த்தி, "இங்க" என்றார். அன்றிலிருந்து எட்டு வாரம் அவருடைய இடப்பக்கம், தோட்டத்து வேலியை ஒட்டி நடந்தேன்.

மாமிக்கு எந்த இடமும் காலியாகக் கிடக்கக் கூடாது. வங்கியில் அவர் இருந்தது பணம் வாங்கும் கவுண்டர். சாப்பிட எழுந்தாலும் வேறொருவரை உட்கார வைத்துவிட்டுத்தான் எழுவாராம். "வரிசையில நிக்கறவனுக்கு நான் முக்கியமில்லை, கவுண்டர்ல ஒரு தலை தெரியணும். அவ்ளோதான். கவுண்டரைக் காலியா விடக் கூடாது" என்பார். விருப்ப ஓய்வு வாங்கி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. துளசி பட்டுப்போன அன்றைக்கே அதே தொட்டியில் கறிவேப்பிலை நட்டுவிட்டார். கணவர் இறந்த மூன்றாம் மாதம் அவருடைய அறைக்கு இரண்டு மலையாள நர்ஸுகள் குடிவந்தார்கள். வேலைக்காரப் பெண் காலையில் நின்றுவிட்டால் மாலையில் வேறொருத்தி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். இதையெல்லாம் என்னிடம் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருக்காது. வேலை முடித்தவரின் திருப்தி இருக்கும்.

எனக்கு அது பிடித்தது. எங்கள் தெருவில் ஒன்று போனால் போனதுதான் என்று உட்கார்ந்து ஒப்பாரி வைப்பவர்களையே பார்த்து வளர்ந்தவள் நான். இப்படி ஒரு பெண் எழுந்து அடுத்ததைப் பார்க்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது. நாமும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று சுற்று முடிந்ததும் பெஞ்சுக்கு வந்து ஃபிளாஸ்க்கைத் திறப்பார். எவர்சில்வர் தம்ளர்கள் இரண்டு வெளியே வரும். ஒன்றில் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக அவர் பெயர் வெட்டியிருக்கும். இன்னொன்றில் வேறொரு பெயர். எனக்கு அந்த இன்னொன்றில்தான் காபி வரும்.

"இதுல வேற யாரு பேரோ இருக்கு மாமி."

"காபில பேர் இல்லையே. குடி."

குடித்தேன். காபி மிக நன்றாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது.

பெஞ்சில் முகம் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கும்போது மாமியோடு பேசுவது சுகம். கேட்ட கேள்விக்குப் பட்டென்று பதில் வரும். என் தேர்வு அட்டவணை அவருக்கு மனப்பாடம். ஆனால் நடக்கும்போது அவர் வேறு ஆள். நான் ஏதாவது சொல்லிக்கொண்டே வருவேன், "ம்" என்பார். சில சமயம் அதுவும் வராது. பர்வீன் மூன்று வாரமாக போன் பண்ணவில்லை என்று ஒருநாள் சொன்னேன். "நல்லது, நல்லது" என்றார். மெஷின் ஊசி அப்பாவின் விரலில் ஏறியதைச் சொன்னபோது சிரித்தார். பணக்காரத் திமிர் என்று நினைத்தேன். பிறகு, வயதானவர், ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சிரிப்பு ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் வரும் என்பதை இரண்டாவது வாரத்தில் கவனித்தேன். எல்லோரும் போகிற திசையில் ஒரு அம்மாள் தனியாக நடப்பார். ஒல்லியானவர், வெள்ளைச் சால்வை, மெதுவான சீரான நடை. நாங்கள் எதிர்த்திசையில் போவதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றிரண்டு முறை அவரை நேருக்கு நேர் சந்திப்போம். அவர் வளைவில் தெரிந்ததும் மாமி என் தோளில் கைபோடுவார். "அப்பறம் என்னடி ஆச்சு, சொல்லு சொல்லு" என்று உரக்கக் கேட்பார். நான் எதையும் சொல்வதற்கு முன்னாலேயே விழுந்து விழுந்து சிரிப்பார். அந்த அம்மாள் மாமியின் வலப்பக்கமாகக் கடந்து போவார். கடந்து பத்தடி போனதும் தோளிலிருந்து கை இறங்கிவிடும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஏட்டி, துணிக்கடை வாசல்ல சேலை கட்டி நிப்பாட்டிருப்பானே, பொம்மை. அதுக்குக் காப்பி குடுப்பானா?"

"குடுக்க மாட்டான்."

"ஒனக்குக் குடுக்காவல்லா. அந்த மட்டுக்கும் சந்தோசப்படு."

எனக்கு இரவெல்லாம் கோபம். ஆனால் மறுநாளும் போனேன். அந்த வயதில் என் கோபத்தைவிட ஆர்வம் பெரிது.

காரணத்தை மாமியே ஒருநாள் பெஞ்சில் வைத்துச் சொன்னார், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல. மாமி இருந்த கட்டடம் மூன்று மாடி, பழசு. லிஃப்ட் கிடையாது. ஒரு பில்டர் அதை இடித்துப் பெரிதாகக் கட்டித் தருவதாக வந்தார். கட்டி முடிக்கும் வரைக்கும் எல்லோரும் வெளியே வாடகைக்குப் போக வேண்டும். தரைத்தளத்தில் மாமி, மூன்றாம் மாடியில் அந்த வெள்ளைச் சால்வை அம்மாள். இருவரும் முப்பத்திரண்டு வருஷச் சிநேகிதம். கையெழுத்துப் போடக் கூடாது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஒரு சொசைட்டி மீட்டிங்கில் காகிதத்தைப் புரட்டியபோது மூன்றாம் மாடிக்கு நேரே கையெழுத்து இருந்தது. பத்து நாளுக்கு முன்னால் போட்டது. அந்தப் பத்து நாளும் இருவரும் சேர்ந்துதான் நடந்திருக்கிறார்கள், காபி குடித்திருக்கிறார்கள்.

"போட்டுக்கோ. உன் வீடு, உன் கை. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டிருக்கலாமோல்லியோ?" என்று மாமி தம்ளரைப் பார்த்துச் சொன்னார். தம்ளரில் வெட்டியிருந்த பெயர் யாருடையது என்று எனக்கு அப்போது புரிந்தது.

மாமி கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. மற்றவர்கள் போட்டதே போதுமானதாக இருந்தது. அந்த மாத முடிவில் கட்டடம் காலியாக வேண்டும். மூன்றாம் மாடி அம்மாள் தாணேயில் மகனோடு இருக்கப் போகிறார். மாமி செம்பூரில் வீடு பார்த்துவிட்டார். அதற்குள் பேசாவிட்டால் பிறகு பேச ஒரு தோட்டம்கூட இருக்காது. இது மாமிக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் எதிர்த்திசையில் நடந்து, என் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மாமிக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் பெஞ்சில் தனியாக இருந்தேன். வெள்ளைச் சால்வை அம்மாள் நடையை நிறுத்தி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவளுக்கு என்ன உடம்புக்கு?"

"காய்ச்சல்னு போன் பண்ணாங்க."

"மோர் குடிக்க வேண்டாம்னு சொல்லு. காய்ச்சல்னா மோரா குடிப்பா." பிறகு, "நீ எதுக்கு அவளுக்கு இடப்பக்கம் நடக்கறே?" என்றார்.

"அவங்கதான் அங்க நிப்பாட்டுனாங்க."

"அவளுக்கு இடது காது சுத்தமாக் கேக்காது. சின்ன வயசுலேர்ந்தே. பேங்க்லகூட யார்கிட்டயும் சொன்னதில்லை. இடப்பக்கம் சுவர் இருக்கற சீட்டாக் கேட்டு வாங்கிப்பா. நீ இந்தப் பக்கம் நடந்துண்டு என்ன சொன்னாலும் அவளுக்குப் போகாது."

அவர் என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துவிட்டார்.

"கோச்சுக்காதே. முப்பது வருஷமா நான் வலப்பக்கம். பழக்கம்."

"நீங்க ஏன் அவங்ககிட்ட சொல்லாம கையெழுத்துப் போட்டீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன், அவரும் பதில் சொன்னார். "மூணு மாடி ஏற முடியலடிம்மா. லேண்டிங்ல உக்காந்து உக்காந்து ஏறறேன். புதுக் கட்டடத்துல லிஃப்ட் வரும். அவகிட்ட சொன்னா, நீ கீழ என் வீட்டுலயே இரு, நான் மேல போறேன்னுவா. நர்ஸுகளைக் காலி பண்ணிடுவா. செய்யக்கூடியவதான். அதான் சொல்லல. மாசம் முடிஞ்சா தாணே. அங்க லிஃப்ட் இருக்கு. நடக்கத்தான் யாரும் இல்ல." எழுந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து நடையைத் தொடர்ந்தார்.

அன்று நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. எட்டு வாரம். வீட்டுக் கதை, அப்பாவின் விரல், எனக்கு வேலை கிடைக்குமா என்ற பயம், அம்மாவிடம்கூடச் சொல்லாதவை எல்லாம் கேட்காத ஒரு காதுக்குள் கொட்டியிருக்கிறேன். முதலில் அவமானமாக இருந்தது. பாலத்தின் மேல் நடக்கும்போது அது வேறாக மாறியது. எட்டு வாரம் பதில் வராததை நான் ஏன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை? பதில் எனக்கும் தேவைப்படவில்லை. பர்வீனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் பக்கத்தில் நடந்த ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு எந்தக் காதும் போதும். மாமி என்னைக் கவுண்டரில் உட்கார வைத்தார் என்றால், நானும் அவரை ஒரு கவுண்டரில்தான் உட்கார வைத்திருந்தேன்.

பாலத்தின் படியிலேயே நின்று பர்வீனுக்கு போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"ஏட்டி, இப்பத்தான் நெனப்பு வந்துச்சா ஒனக்கு?"

"நீ பண்ண வேண்டியதுதான?"

"நீ பெரிய படிப்பு படிக்குத. நான் பண்ணா தொந்தரவா இருக்குமோன்னு இருந்துட்டேன்."

"வணிகச் சட்டம் ஒரு எழவும் புரியல. ஒழுங்கா எடுத்துச் சொல்லு."

அவள் சிரித்தாள். கீழே ஓடும் ரயில் சத்தத்தில் நின்றுகொண்டு, ஒப்பந்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை மேலப்பாளையத்திலிருந்து கேட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மாமி வந்தார். முகம் வாடியிருந்தது, ஷூ மட்டும் வழக்கம்போல வெள்ளை. என் முழங்கையைப் பிடிக்க வந்தார். நான் சுற்றிக்கொண்டு போய் வலப்பக்கம் நின்றேன்.

"இந்தப் பக்கம் வா."

"இங்கனயே வாறேன் மாமி."

"சொன்னாக் கேளு. அங்க வராதே."

"ஏன்?"

"அங்க ஆள் இருக்கு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்தது. தோளிலிருந்த துணிப்பையை ஒருமுறை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"உனக்கு யார் சொன்னா?"

"எது?"

"காது."

"அவங்கதான். உங்களுக்குக் காய்ச்சல்னு கேட்டு வந்தாங்க. மோர் குடிக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க."

மாமி தோட்டத்து வேலியைப் பார்த்தார். மோர் குடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

"நான் இத்தன நாளும் என்னெல்லாமோ சொல்லிருக்கேன். ஒண்ணுமே உங்களுக்குக் கேக்கல."

"கேக்கலைன்னு தெரிஞ்சா நிறுத்தியிருப்பே."

"நிறுத்திருப்பேன்."

"அதான் சொல்லல. பக்கத்துல ஒரு குரல் இருந்தாப் போறும்னு இருந்தது. சத்தம்னு தெரியும். என்னன்னு தெரியாது."

இதைக் கேட்டதும் என் கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை நான் விடவில்லை.

"லோக்கல்ல சீட்டுமேல கைக்குட்டையப் போட்டுட்டு ஆள் இருக்குன்னு சொல்லுவாங்கல்லா. ஒரு ஸ்டேஷன் பொறுப்பாங்க, ரெண்டு ஸ்டேஷன் பொறுப்பாங்க. அதுக்கப்புறம், ஆளைக் கூப்பிடு, இல்லன்னா கைக்குட்டைய எடுன்னு சொல்லிருவாங்க. இந்த மாசம் முடிஞ்சா அவங்க தாணே. மூணு மாடி ஏற முடியாம லேண்டிங்ல உக்காந்து உக்காந்து ஏறுதாங்க, தெரியுமா உங்களுக்கு? உங்ககிட்ட சொன்னா உங்க வீட்டையே குடுத்துருவீங்கன்னுதான் சொல்லாம கையெழுத்துப் போட்டாங்க."

மாமியின் கண் பாதையின் வளைவுக்குப் போனது.

"நான் கைக்குட்டை இல்ல மாமி. அதுக்காக தாராவில இருந்து நடந்து வரல. வலது பக்கம் எனக்குன்னா வாறேன். அவங்களுக்குன்னா கூப்பிடுங்க. ரெண்டும் இல்லன்னா எனக்குப் பெஞ்சும் பரிட்சையும் இருக்கு."

குஜராத்திப் பெரியவர் கடந்து போனார். "உல்டா" என்று ஆரம்பித்தவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

வளைவில் வெள்ளைச் சால்வை தெரிந்தது. வழக்கமாக மாமியின் கை என் தோளுக்கு வரும் நேரம். வரவில்லை. அந்த அம்மாள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். நாற்பதடி, முப்பதடி. மாமி அவரை நேராகப் பார்த்தார். பிறகு, நடைபாதையின் நடுவில், அப்படியே திரும்பினார்.

நான் அவரை அறிந்த நாளிலிருந்து முதல்முறையாக எல்லோரும் போகிற திசையில் நடக்க ஆரம்பித்தார். வேகமான நடை இல்லை. ஒவ்வொரு அடியாக, பின்னால் வருகிறவர் எட்டிப் பிடிக்கிற அளவுக்கு. திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டத்துப் பக்கம் ஒரு ஆள் நடக்கிற இடத்தை விட்டுவிட்டு, பாதையின் இடது ஓரமாகவே நடந்தார்.

நான் அதே இடத்தில் நின்றேன். வெள்ளைச் சால்வை அம்மாள் என்னைக் கடந்தபோது என் கையை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார். இருபதடி தூரத்தில் மாமியை எட்டினார். ஒரு கணம் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். பிறகு வலப்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டார். நான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சுற்றி வந்து இருவரும் என் பெஞ்சைக் கடக்கும்போது அந்த அம்மாளின் குரல் மட்டும் கேட்டது.

"காபில சக்கரை போட்டுருக்கியா, இல்ல இன்னமும் எனக்குப் பத்தியம்தானா?"

"போட்டுருக்கேன். உனக்கு இல்ல, அந்தப் பொண்ணுக்கு."

அன்றைக்குத் தம்ளர் இரண்டுதான் இருந்தது. இத்தனை நாள் நான் குடித்த தம்ளர், அதில் வெட்டிய பெயருக்கு உரியவரிடம் போனது. மாமியுடையதில் எனக்கு முதலில் ஊற்றிக் கொடுத்தார். அவர் பிறகு ஃபிளாஸ்க் மூடியில் குடித்துக்கொண்டார். நடுவில் இருந்து எழுந்து போகவா என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. போகவில்லை. அது நான் தினமும் உட்காரும் பெஞ்சு. இடம் தேட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

அந்த மாதத்தின் மீதி நாட்களில் நான் நடக்கவில்லை, படித்தேன். அவர்கள் இருவரும் மூன்று சுற்று முடித்து வருவார்கள். கட்டடம் காலியாவதற்கு முந்தின நாள் மாமி பையிலிருந்து மூன்றாவது தம்ளர் ஒன்றை எடுத்து என் புத்தகத்தின் மேல் வைத்தார். மாட்டுங்கா மார்க்கெட் பாத்திரக் கடையில் வாங்கியது. விளிம்புக்குக் கீழே என் பெயர், புள்ளி புள்ளியாக. பெயருக்குப் பின்னால் பி.காம்.

"மாமி, இன்னும் பரிட்சையே எழுதல."

"தெரியும்."

"ஃபெயிலானா?"

"வெட்டினது வெட்டினதுதான். அழிக்க முடியாது. அதனால போய்ப் படி."

மூன்றாம் மாடி அம்மாள் தம்ளரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எம்.காம்.முக்கு இடம் விட்டுருக்கியோ?" என்றார்.

"பின்னாடி நிறைய இடம் இருக்கு" என்றார் மாமி.

அந்தத் தம்ளருக்காகவாவது தேற வேண்டியிருந்தது. தேறினேன், முதல் வகுப்பில்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செம்பூருக்குப் போனேன். அவருக்கு நேரில்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு செய்தியை நான்கு நாளாக வைத்திருந்தேன். மாமி வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தார். அதே வெள்ளை ஷூ. எல்லோரும் போகிற திசை. பக்கத்தில் யாரும் இல்லை, ஆனால் பேசிக்கொண்டே நடந்தார். வலது காதில் மட்டும் சின்னதாக ஒரு இயர்போன். தாணேயில் மகன் வீட்டுக்குக் கீழே இருக்கும் பூங்காவில் அதே நேரத்தில் அந்த அம்மாளும் நடக்கிறாராம். தினமும் மூன்று சுற்று, இருவரும் போனில் சேர்ந்தே.

என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார், பேச்சை நிறுத்தவில்லை. பழைய பழக்கத்தில் இடப்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டேன். அரைச் சுற்று அப்படியே நடந்தோம். மருமகள் சாம்பாரில் சர்க்கரை போடுவது பற்றி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கேட்காது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"மாமி, பேங்க்ல வேலை கெடச்சிருச்சு. மொதல்ல கவுண்டர்தானாம்."

கேட்டிருக்காது. ஆனால் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நின்றார்.

"இருடி" என்றார் தாணேவிடம். "கவுண்டர்ல ஆள் நிக்கறா."

இயர்போனைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டார். என் முழங்கையைப் பிடித்து, மேஜையை நகர்த்துவது போலவே நகர்த்தி, தனக்கு வலப்பக்கம் நிறுத்தினார்.

"இப்பச் சொல்லு."